மகளின் பியர்ச் சுற்றில் நான் வெளியே போனது

1

ரொறன்ரோவில் நடக்கும் தமிழ்க் கலியாணம் ஒன்றுக்கு வந்தால், மண்டபத்துக்குள் நுழைவதற்கு முன் கார் நிறுத்துமிடத்தை ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். கடைசி வரிசையில் டிக்கி திறந்தபடி ஒரு வான் நிற்கும். அதைச் சுற்றி, கோட் சூட் போட்ட ஏழெட்டு ஆண்கள் கையில் பேப்பர் கப்புடன் வீட்டுக்கடன் வட்டியைப் பற்றி மிகக் கவலையாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். உறைபனியிலும் நிற்பார்கள். மண்டபத்துக்குள்ளேயே பார் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் செலவு. யாரும் போய்க் கேட்டு வாங்கலாம். ஆனால் உள்ளே பெரியப்பா இருக்கிறார், மாமா இருக்கிறார், மனைவி இருக்கிறாள், எல்லாவற்றுக்கும் மேலாக வளர்ந்த மகள் இருக்கிறாள். அவர்களுக்கு முன்னால் எப்படிக் கிளாஸைத் தூக்குவது?

வெள்ளைக்காரர் பார்த்தால் களவாகக் குடிக்கிறோம் என்று நினைப்பார்கள். களவு என்றால் ஒருவருக்கும் தெரியக்கூடாது. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் தெரியாததுபோல இருப்பார்கள், போனவர்கள் போகாததுபோல வந்து பந்தியில் உட்காருவார்கள்.

எங்கள் வீட்டில் அதற்குக் கராஜ் இருக்கிறது. நகரின் ஓரத்தில் மல்வேர்னில் இருக்கும் எங்களுடைய வரிசை வீட்டுக் கராஜுக்குள் கார் நின்றதை நான் கண்டதில்லை. பழைய பிறிட்ஜ் ஒன்று, இரண்டு பிளாஸ்ரிக் கதிரை, பனி தள்ளும் சவள், அவ்வளவுதான். நான் பாடசாலை பஸ் ஓட்டுகிறவன். கிழமை நாட்களில் ஒரு சொட்டும் தொடமாட்டேன். சனிக்கிழமை பின்னேரம் மட்டும், "கராஜைக் கொஞ்சம் ஒதுக்கவேணும்" என்று சொல்லிவிட்டுப் போவேன். கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் தட்டும் சத்தம் கேட்கும். திறந்தால் படியில் ஒரு பீங்கான், அதில் வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டுப் பிரட்டிய கணவாய். வைத்தவள் அதற்குள் உள்ளே போயிருப்பாள். என் மனைவி றெஜினாவுக்கு நான் குடிப்பது தெரியாது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து தெரியாது. தெரியாமலே இவ்வளவு கணவாய் பொரித்திருக்கிறாள்.

2

எங்கள் மகள் டிலானி இங்கேயே பிறந்தவள். வணிகம் படித்தாள். நகர மத்தியில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலையும் எடுத்தாள். நாங்கள் நிம்மதியாக மூச்சுவிட்ட நேரம் பார்த்து ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில், "நான் வேலையை விட்டிட்டன். ஒரு நாளைக்கு ரெண்டு பேரோட கூடக் கதைக்கேலாது அங்க" என்றாள்.

அவளுக்குக் கதைக்கவேண்டும். சின்ன வயதிலேயே பஸ்ஸில் ஏறினால் இறங்குவதற்குள் பக்கத்தில் இருக்கிறவரின் நாய்க்குப் பெயர் என்ன என்று அறிந்துகொண்டு வருவாள். இப்போது அவள் தேடிப்பிடித்த வேலையும் அப்படித்தான். ஊர் பார்க்க வரும் பயணிகளை, கிரேக்கக் கடைகள் நிறைந்த டான்ஃபோர்த் தெருவில் நடத்திக் கூட்டிப்போய், கிரேக்கச் சாப்பாட்டையும் அதற்குப் பொருத்தமான பியரையும் சுவைக்கக் கொடுத்து, தெருவின் கதையையும் சொல்லவேண்டும். பியர் என்றால் கடையில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருப்பது இல்லை. சின்னச் சின்ன இடங்களில், ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துக் காய்ச்சுவது.

சொந்தக்காரருக்கு நாங்கள் "சுற்றுலாத்துறை" என்று சொன்னோம். அஜின்கோர்ட்டில் இருக்கும் மச்சாள், "ஏயர்லைன்ஸோ?" என்று கேட்டாள். "அது மாதிரித்தான்" என்றாள் றெஜினா.

மது பரிமாறும் வேலை என்றால் இந்த மாகாணத்தில் அதற்கொரு பாடநெறி முடித்து, பரீட்சை எழுதி, சான்றிதழ் எடுக்கவேண்டும். குசினி மேசையில் டிலானி படிக்க, றெஜினா எதிரில் இருந்து கேள்வி கேட்டாள். ஒருவருக்கு வெறி ஏறிவிட்டது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வி வந்தபோது, "உதை என்னட்டக் கேள், நான் சொல்லித்தாறன்" என்று தாய் சொல்ல இரண்டு பேரும் குலுங்கிச் சிரித்தார்கள். நான் அடுத்த அறையில் ரீவியைப் பார்த்துக்கொண்டு கேளாதமாதிரி இருந்தேன். உண்மையில் காது கொடுத்துக் கேட்டிருந்தால் பின்னால் வந்த வில்லங்கம் வந்திருக்காது.

அந்தச் சுற்றுகளை நடத்துகிறவர் எலேனி என்ற கிரேக்கப் பெண்மணி. டான்ஃபோர்த்திலேயே பிறந்து வளர்ந்தவர், அறுபது வயதிருக்கும். டிலானி சில வாரங்கள் உதவியாளாகப் பின்னால் நடந்தாள். பிறகு ஒரு சனிக்கிழமை அவள் தனியாக நடத்தவேண்டும், எலேனி கூடவே வந்து பார்ப்பார், பிடித்தால் கோடை முழுக்க வேலை என்று ஏற்பாடு. பிடிக்காவிட்டால் கொடுப்பதற்கு இன்னொரு பொடியன் அதே வேலைக்காகக் காத்திருந்தான். வேறு இடங்களில் அவள் கேட்டுப் பார்த்து ஒன்றும் சரிவரவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அந்தக் கிழமை அவள் சரியாகச் சாப்பிடவேயில்லை.

அந்தச் சனிக்கிழமை விடியவே புறப்பட்டுப் போனவளிடமிருந்து காலையில் தொலைபேசி வந்தது.

"அப்பா, நீங்களும் அம்மாவும் இண்டைக்கு ஃப்ரீயோ?"

"ஏன் பிள்ளை?"

"ரெண்டு பேர் கான்சல் பண்ணிட்டினம். ஆறு பேர் இல்லாட்டி ரூர் நடக்காது. நான் உங்கட பேரில ரிக்கற் போட்டிட்டன்."

"என்ன ரூர்?"

"என்ர ரூர், அப்பா. பியர் ரூர்."

கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்த றெஜினா, காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தவள், "ஓமெண்டு சொல்லுங்கோ" என்றாள்.

"ஒரே ஒரு விசயம்," என்றாள் மகள். "நீங்கள் என்ர பேரன்ட்ஸ் எண்டு எலேனிக்குத் தெரியவே கூடாது. ஃபமிலியைக் கொண்டுவந்து ஆள் நிரப்பினா அவாக்குப் பிடிக்காது."

"அப்ப நாங்கள் ஆர்?"

"ட்ராவலர்ஸ்."

மல்வேர்னிலிருந்து பஸ் எடுத்து, பிறகு சப்வே மாறி வரவேண்டியிருந்ததால், பயணிகள் என்பது அவ்வளவு பொய்யும் இல்லை.

3

எங்கள் பெயர் முறை அன்று முதன்முறையாகக் கைகொடுத்தது. நாங்கள் தகப்பனின் பெயரைக் கடைசியில் போடுகிறவர்கள். என் பெயர் செபமாலை, அப்பாவின் பெயர் சூசைப்பிள்ளை. மகள் டிலானி செபமாலை. மனைவியின் கடதாசிகளில் இன்னும் அவளுடைய தகப்பன் பெயர். மூன்று பேருக்கும் மூன்று குடும்பப் பெயர். இத்தனை வருடமாக விமான நிலையத்திலும் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் நாங்கள் ஒரே குடும்பம்தான் என்று நிரூபித்தே களைத்துப்போனோம். அன்று ஒருவரும் சந்தேகப்படவில்லை. எலேனி என் கையைக் குலுக்கி, "வாருங்கள் மிஸ்டர் சூசைப்பிள்ளை" என்றார். அப்படி யாராவது கூப்பிட்டால் இன்றைக்கும் நான் என் அப்பாவைத் தேடித் திரும்பிப் பார்ப்பேன்.

எங்களைத் தவிர நான்கு பேர். ஹலிஃபக்ஸிலிருந்து வந்த வயதான தம்பதி, கிளெனும் பார்பராவும். ஜெர்மனியில் படிக்கும் இரண்டு பெண்கள். பார்பரா நட்பாக என் மனைவியிடம், எவ்வளவு நாளைக்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். றெஜினா யோசிக்காமல், "முப்பது வருசம்" என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். டிலானி உடனே கையை உயர்த்தி, சிக்னல் விழுந்துவிட்டது, எல்லோரும் தெருவைக் கடப்போம் என்றாள்.

முதல் இடம் ஒரு பேக்கரி. கீரையும் உப்புச் சீஸும் வைத்த மொறுமொறுப்பான பை, அதோடு வெளிர் நிறத்தில் சின்னக் கிளாஸ் பியர். றெஜினா, மருந்து எடுப்பதாகச் சொல்லி எலுமிச்சைச் சாறு வாங்கிக்கொண்டாள். நான் சொல்ல வைத்திருந்த சாக்கை அவள் முந்திச் சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் மருந்து எடுக்கிறோம் என்றால் பிறகு பியர்ச் சுற்றுக்கு ஏன் வந்தோம்? நான் கிளாஸை உதட்டுவரை கொண்டுபோய், தலையை ஆட்டி, மேசையில் வைத்தேன்.

தெருவில் டிலானி எங்களைப் பார்த்தபடி பின்புறமாக நடந்துகொண்டே கதை சொன்னாள். கிரேக்கர்கள் எப்படிக் குடும்பம் குடும்பமாக வந்து இந்தத் தெருவில் இறங்கினார்கள், கோப்பை கழுவினார்கள், கடை போட்டார்கள், பிள்ளைகள் வளர்ந்ததும் வெளியூர்களில் பெரிய வீடு வாங்கிப் போய்விட்டு, இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட மட்டும் திரும்பி வருகிறார்கள் என்பதையெல்லாம் சொன்னாள். எனக்கு ஸ்காபரோவின் தமிழ்க்கடைகள் கண்ணில் வந்து போயின. நடுவே றெஜினா தன்னையறியாமல், "கவனம், பின்னால சைக்கிள்" என்றாள். டிலானி திரும்பியும் பாராமல் ஓரமாக விலகினாள். எலேனி மூக்குக்கண்ணாடிக்கு மேலால் எங்களைப் பார்த்தார்.

இரண்டாவது இடம் ஓர் உணவகம். ஒரு துண்டுச் சீஸைக் கொண்டுவந்து எங்கள் முன்னாலேயே நெருப்பு மூட்டி அணைத்தார்கள். பிறகு கரியில் சுட்ட ஒக்ரோபஸ் கால்கள் வந்தன. றெஜினா மீன்பிடித் தீவு ஒன்றில் பிறந்தவள், பார்த்ததும் என் பக்கம் சாய்ந்து, "உது பேய்க்கணவாய் எல்லோ? எங்கட ஆக்கள் வலையில வந்தா உதறிவிடுற சாமான்" என்றாள். பிறகு இரண்டு முறை எடுத்துச் சாப்பிட்டாள். எனக்கு முன்னால் இருந்த கோதுமைப் பியரை கிளென் ஆசையாகப் பார்த்தார். நான் மெதுவாக அவர் பக்கம் தள்ளிவிட்டேன். அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இதையும் எழுதவேண்டும். வீட்டில் டிலானி எங்களுடன் பேசுவது ஒரு பத்து வயதுப் பிள்ளையின் தமிழ். பசிக்குது, வாறன், தெரியாது, பிறகு சொல்லுறன். பெரிய விசயங்களுக்கு அவளிடம் தமிழ் இல்லை. எங்களிடம் அந்த விசயங்களுக்கு ஆங்கிலம் இல்லை. அதனால் எங்கள் வீட்டில் அவள் வளரவேயில்லை. அன்று தெருவில் நின்று கையை வீசி, ஆட்களைச் சிரிக்கவைத்து, தேவையான இடத்தில் குரலைத் தாழ்த்திப் பேசிய அந்தப் பெண்ணை நான் அதற்கு முன் சந்தித்ததே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கைதட்டக்கூடாது என்பதற்காகக் கைகளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

4

மூன்றாவது இடத்துக்கு நடக்கும்போது எலேனி என் பக்கத்தில் வந்தார்.

"மிஸ்டர் சூசைப்பிள்ளை, நீங்கள் ஒரு கிளாஸும் குடிக்கவில்லை. உண்மையைச் சொல்லுங்கள், வழிகாட்டி சரியில்லையா?"

"இல்லை, இல்லை. வெரி குட். ஃபர்ஸ்ட் கிளாஸ்."

"எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது," என்றார் அவர். "பியர் கேட்டு வந்த ஒருவர் நிறைந்த கிளாஸோடு இருந்தால், வழிகாட்டி அவரிடம் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். பெண் நன்றாகப் பேசுகிறாள். பேச்சு மட்டும் போதாது. நான் இன்றைக்கே முடிவு சொல்லவேண்டும்."

நான் குடிக்காததால் அவளுக்கு வேலை கிடைக்காமல் போகலாம். இப்படி ஒரு நிலைமை உலகத்தில் எந்தத் தகப்பனுக்கு வந்திருக்கும் என்று தெரியவில்லை.

குடித்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டேன். அப்போதுதான் அப்பாவின் ஞாபகம் வந்தது. அவர் எங்கள் ஊரான ஊர்காவற்றுறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்து வேலை பார்க்கும் இலிகிதராக இருந்தார். நான் மீசை முளைத்த பருவத்தில் சிநேகிதருடன் முதன்முதலாகக் கள்ளுத் தவறணைக்குள் நுழைந்தபோது, மூலையில் கள்ளு நிறைந்த பனையோலைப் பிளாவைக் கையில் ஏந்தியபடி அவர் இருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் பிளாவைக் கீழே வைத்துவிட்டு, சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பின்பக்கத்தால் நடந்து போய்விட்டார். வீட்டில் ஒரு வார்த்தையும் இல்லை. இரவு சாப்பிடும்போது, "நாளைக்கு மழை வரும்போல" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் அந்தத் தவறணைக்கு வரவேயில்லை. அடுத்த ஊருக்கு நடந்து போய்க் குடித்துவிட்டு வந்தார் என்று வெகுகாலம் கழித்து அறிந்தேன். பக்கத்தில் இருந்ததை எனக்கு விட்டுத்தந்திருக்கிறார். அவர் என்னைக் கட்டிப்பிடித்ததோ, நீ என் உயிர் என்று சொன்னதோ கிடையாது. எழுந்து வெளியே போனார். அன்பு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நான் படித்துக்கொண்டேன்.

5

மூன்றாவது இடம் பியர் காய்ச்சும் இடமே. உள்ளே நீள மேசை, சுவரோடு பியர் நொதிக்கும் ஆளுயர உலோகத் தாங்கிகள். டிலானி எல்லோருக்கும் முன்னால் செம்பு நிறப் பியரை வைத்துவிட்டு, குடித்துப் பார்த்து ஒவ்வொருவரும் என்ன சுவை தெரிகிறது என்று சொல்லவேண்டும் என்றாள். என் முன்னால் வைக்கும்போது ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் எலேனி ஏதோ சொல்லியிருக்கவேண்டும். கெஞ்சுகிற பார்வை அது.

நான் கழிப்பறை எங்கே என்று கேட்டேன். பின்பக்கம் என்றார்கள். எழுந்தேன், கிளாஸையும் எடுத்துக்கொண்டேன். கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒரு பின்கதவு திறந்திருந்தது, அதற்கு வெளியே கார் நிறுத்தும் வெளி. பழக்கமான காட்சியைக் கண்டதும் கால் தானாக இறங்கிவிட்டது. ஒரு வெள்ளை வானுக்குப் பின்னால் போய் நின்று, தெருப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, பாதியை ஒரே இழுவையில் குடித்தேன். முதலில் நல்ல கசப்பு. பிறகு தோடம்பழத் தோலைக் கிள்ளியதுபோல ஒரு வாசம். அன்றைய நாளில் அதுதான் எனக்கு நிம்மதியான நிமிடம். மீதியையும் முடித்து, வெறும் கிளாஸைக் கொண்டுபோய் எலேனிக்கு முன்னால் வைத்தால் காரியம் முடிந்தது.

"சேர், அதை வைத்துக்கொண்டு நீங்கள் இங்கே நிற்கமுடியாது."

தாடி வைத்த இளைஞன் ஒருவன். அந்த இடத்தின் மனேஜர். கிளாஸைக் கொண்டுபோய்விடுவேன் என்று பயப்படுகிறான் என நினைத்து, திருப்பித் தருவேன் என்றேன்.

"கிளாஸைப் பற்றி இல்லை. என் லைசன்ஸைப் பற்றி. இந்தக் கதவுக்கு வெளியே மது வந்ததை ஓர் அதிகாரி பார்த்தால் என் கடையை மூடிவிடுவார்கள். நீங்கள் எந்தக் குழு?"

சொல்லத் தேவையிருக்கவில்லை. அவனுக்குப் பின்னால் எலேனி வந்தார், எலேனிக்குப் பின்னால் டிலானி, அவளுக்குப் பின்னால் றெஜினா.

"அப்பா, என்ன செய்யிறியள்?" என்றாள் டிலானி.

எலேனி அவளிடம் மெதுவாகத் திரும்பினார். "அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

வயதானவர்களைக் கூப்பிடும் சொல் என்று அவள் சமாளிப்பாள் என நினைத்தேன். நானும் ஆமாம் போடத் தயாராக இருந்தேன். அவள் சமாளிக்கவில்லை. "இவர் என் தகப்பன். அது என் அம்மா. ஆள் குறைந்ததால் நான்தான் வரச்சொன்னேன்," என்றாள்.

"சரி, ஏன் வெளியே கொண்டுவந்தார்? உள்ளே கதிரை இல்லையா?" என்று மனேஜர் என்னைக் கேட்டான்.

ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளையும், அவர்களுடைய தாய்தகப்பன்மாரையும், பனிப்புயலையும் சமாளிக்க எனக்கு ஆங்கிலம் இருக்கிறது. இதற்கு இருக்கவில்லை. "ரெஸ்பெக்ட்" என்று மட்டும் சொன்னேன். அவன் என்னையும் பார்த்து, கிளாஸையும் பார்த்து, அந்த வெள்ளை வானையும் பார்த்தான்.

அப்போது டிலானி ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினாள். இதெல்லாம் அவளுக்கு இவ்வளவு விளங்கியிருக்கும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

"எங்கள் வீட்டில் அப்பா கராஜில்தான் குடிப்பார். சின்ன வயதில் அங்கே எனக்காக ஏதோ பரிசு செய்கிறார் என்று நினைத்திருந்தேன். பிறகு விளங்கிவிட்டது. எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அவர் ஒளிக்கவில்லை. என் முன்னால் அவர் என் அப்பாவாக மட்டும் இருக்க விரும்புகிறார், அதற்காக எழுந்து வெளியே போகிறார். இன்றைக்கு எனக்காகக் குடிக்கவும் வேண்டும், என் முன்னால் குடிக்கவும் முடியாது. அதனால்தான் இங்கே வந்து நிற்கிறார்."

றெஜினா நிலத்தைப் பார்த்தாள்.

"ஆனால் சட்டம் சட்டம்தான்," என்று அவளே தொடர்ந்தாள். "கிளாஸோடு இந்தக் கதவைத் தாண்டக்கூடாது என்று உள்ளே வந்ததும் நான் சொல்லியிருக்கவேண்டும். பதற்றத்தில் விட்டுவிட்டேன். பிழை என்னுடையது, அவருடையது இல்லை."

மனேஜர் என் கையிலிருந்து கிளாஸை வாங்கி, மீதியை வடிகானில் ஊற்றினான். அந்த நிலைமையிலும் எனக்கு அது வீண் என்றுதான் பட்டது. இந்த ஒரு முறை விடுகிறேன் என்று எலேனியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

எலேனி விரலை மடக்கினார். "குடும்பத்தைக் கொண்டுவந்து மறைத்தாய். கதவை மறந்தாய்." பிறகு, "உள்ளே நான்கு பேர் காத்திருக்கிறார்கள். போய் முடி" என்றார்.

6

மேசையில் என் இடத்தில் டிலானி புதிதாக ஒரு கிளாஸை வைத்தாள். பின்கதவு திறந்திருந்ததால் கிளெனும் மற்றவர்களும் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள் என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். இனிக் குடித்து என்ன, குடிக்காமல் என்ன? வேலை போய்விட்டது. என்னால் போய்விட்டது.

"இந்தப் பியரைப் பற்றிச் சொல்வதற்கு முன்," என்றாள் டிலானி, "எல்லோரும் கொஞ்சம் சுவர்ப்பக்கம் திரும்பி அந்தத் தாங்கிகளைப் பாருங்கள்."

சொல்லிவிட்டு அவளே முதலில் திரும்பினாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஜெர்மன் பெண்கள் இரண்டு பேரும் திரும்பினார்கள். பார்பரா கிளெனின் முழங்கையைப் பிடித்துத் திருப்பினார். றெஜினா என்னிடம், "குடியுங்கோவன். நானும் அங்கால பாக்கிறன்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுக் கதிரையோடு திரும்பினாள். கடைசியாக, கதவடியில் கைகட்டி நின்ற எலேனியும் திரும்பினார்.

டிலானி பேசிக்கொண்டேயிருந்தாள். தாங்கிக்குள் ஈஸ்ட் எப்படி வேலை செய்கிறது, அவசரப்படுத்தினால் எப்படிக் கெட்டுப்போகும் என்றெல்லாம். ஏழு முதுகுகள் எனக்கு முன்னால். அவளுடைய தலைமயிர் குதிரைவால்போலக் கட்டியிருந்தது, பேசும்போது மெல்ல ஆடியது. நான் கிளாஸை எடுத்துக் குடித்தேன். ஒளிந்து குடிக்கும்போது இருக்கும் அவசரம் இல்லாமல், இருந்த இடத்தில் இருந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

கிளாஸை மேசையில் வைத்தேன். சத்தம் கேட்டும் ஒருவரும் திரும்பவில்லை.

"டிலானி, திரும்பு பிள்ளை," என்றேன்.

திரும்பினாள். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் மாறவில்லை. "உங்களுக்கு என்ன சுவை தெரிந்தது, சேர்?" என்று மற்றவர்களைக் கேட்பதுபோலவே ஆங்கிலத்தில் கேட்டாள். முதலில் கசப்பு, பிறகு தோடம்பழத் தோல் என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். அது சரி என்றாள். பிறகு நான் ஜெர்மன் பெண்களைப் பார்த்து, "திஸ் இஸ் மை டோட்டர்" என்றேன். அவர்களுக்கு ஏற்கனவே தெரியும். எனக்குச் சொல்லவேண்டும்போல இருந்தது.

7

கடைசி இடத்தில் பியர் இல்லை. எண்ணெயில் பொரித்துத் தேன் ஊற்றிய சூடான கோதுமை மா உருண்டைகளைக் காகிதக் கிண்ணத்தில் தந்தார்கள். தெருவோரம் போட்டிருந்த மர வாங்கில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மற்ற நால்வரும் டிலானியைக் கட்டிப்பிடித்து விடைபெற்றுப் போனார்கள். எலேனி அவளை அடுத்த வாங்கில் கூப்பிட்டு இருத்தினார். எங்களுக்குக் கேட்கும் தூரம்தான்.

"நான் அந்தப் பொடியனுக்குக் கொடுப்பதாகத்தான் இருந்தேன்," என்றார் எலேனி. "ஆனால் அவர்கள் சுவரைப் பார்த்து நின்றதை என் வாழ்க்கையில் நான் கண்டதில்லை. சனியும் ஞாயிறும் உனக்குத் தருகிறேன். ஒன்று மட்டும். இனி ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் இந்தக் கதையைச் சொல்லி, ஆட்களைத் திருப்பி நிற்கவிடு. ஊருக்குப் போயும் அதைத்தான் பேசுவார்கள்."

நல்ல யோசனை என்றே எனக்குப் பட்டது. நானாக இருந்தால் உடனே ஓமென்று சொல்லியிருப்பேன். றெஜினாவும் தலையை ஆட்டினாள். டிலானி கிண்ணத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

"இல்லை, எலேனி. அதைச் செய்யமாட்டேன்."

"ஏன்?"

"தெருவின் கதைகள் நீங்கள் எனக்குத் தந்தவை. அதைச் சொல்வேன், நன்றாகவே சொல்வேன். இது சுற்றில் இல்லை. இது என் அப்பாவுடையது."

"அந்தப் பொடியன் இன்னும் காத்திருக்கிறான்," என்றார் எலேனி.

"தெரியும்."

எலேனி ஓர் உருண்டையை வாயில் போட்டு நீண்ட நேரம் மென்றார். இத்தனை வாரமாக அந்தப் பிள்ளை தூங்காமல் படித்தது, நடந்தது, பேசிப் பார்த்தது எல்லாம் அந்த மெல்லலில் நின்றது. போய் அவளிடம், என்னுடைய கதையை வித்தால் வித்துவிட்டுப் போ பிள்ளை என்று சொல்லலாமா என்று எழும்பினேன். றெஜினா என் சட்டையைப் பிடித்து இருத்தினாள்.

எலேனி விரலில் ஒட்டிய தேனைத் துடைத்தார். "சனிக்கிழமை பதினொரு மணி. கதவை மறக்காதே," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அழக்கூடாது என்று ஒரு முழு உருண்டையை வாய்க்குள் போட்டேன். அப்படியும் கண்ணீர் வந்துவிட்டது. றெஜினா ஒரு பேப்பர் துவாயை நீட்டினாள்.

"சூடோ?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றேன்.

8

இதை எழுதலாமா என்று போன கிழமை டிலானியைக் கேட்டேன். காசுக்கே சொல்லமாட்டேன் என்று அவள் காப்பாற்றி வைத்ததை நான் கேளாமல் பத்திரிகைக்கு அனுப்புவது அழகில்லை. அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. எழுத்துக்கூட்டிக் கடைப்பெயர்கள் வாசிப்பாள், அவ்வளவுதான். எழுதினாலும் அவளுக்குத் தெரியவராது. அதனால்தான் கேட்டேன்.

அவள் சப்பாத்துக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாள், சுற்றுக்குப் போகும் அவசரம்.

"இங்கிலீஷில எழுதப்போறியளோ?"

"இல்லை. தமிழில. ஊரில இருக்கிற ஆக்களுக்கு."

நாடாவை இறுக்கி முடிந்தாள்.

"தமிழில எண்டா எழுதுங்கோ," என்றாள். "அவைக்கு, நீங்கள் ஏன் வெளியில போனனீங்கள் எண்டு எக்ஸ்ப்ளெயின் பண்ணத் தேவையில்லைத்தானே."